பாஸ்பேட் பூஜ்ஜியம், ஆனாலும் படர்கிறதே பழுப்புப் பாசி?

கேள்வி: 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்து மூன்று மாதமாகிறது. இரண்டு கிளவுன் மீன்கள், சில நத்தைகள், பவளம் இல்லை. மணல்மேல் பழுப்பாகக் கொழகொழவென்று ஏதோ படர்கிறது. பாஸ்பேட் உறிஞ்சி போட்டேன், வாராவாரம் தண்ணீர் மாற்றுகிறேன். டெஸ்ட் கிட்டில் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்ஜியம். ஆனாலும் அதிகமாகிறது.

பதில்: அந்தப் பூஜ்ஜியம்தான் உங்கள் சிக்கல் என்று நினைக்கிறேன்.

புதுத் தொட்டியில் தூசிபோலப் படிகிற பழுப்பு, டையாட்டம் என்ற ஒருசெல் பாசி. தண்ணீரிலுள்ள சிலிக்கேட் தீர்ந்ததும் தானே அடங்கிவிடும். கொழகொழப்பு, இழை இழையாக ஆடுவது, இழையில் காற்றுக் குமிழிகள் சிக்கியிருப்பது, இரவில் குறைந்து மாலைக்குள் மறுபடி தடிப்பது, இவையெல்லாம் டைனோஃப்ளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ) என்ற வேறொரு ஒருசெல் உயிரின் அடையாளம். கொஞ்சத்தை உறிஞ்சி ஒரு பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, அந்தத் தண்ணீரை ஒரு மணி நேரம் விளக்கடியில் வையுங்கள். தெளிந்த தண்ணீரில் மறுபடி இழை திரண்டால் பெரும்பாலும் அதுதான்.

பச்சைப் பாசிக்கும் பாக்டீரியாவுக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வேண்டும். இரண்டும் அற்றுப்போனால் அவை ஒடுங்கிவிடும், காலியான இடத்தை டைனோ பிடித்துக்கொள்ளும். நீங்கள் சுத்தம் செய்யச் செய்ய அதற்குத்தான் வசதி.

ஆகவே உறிஞ்சியை இன்றே எடுத்துவிடுங்கள். தண்ணீர் மாற்றுவதைச் சில வாரம் நிறுத்துங்கள், ஸ்கிம்மர் (நுரையால் கழிவை அகற்றும் கருவி) இருந்தால் அது ஓடும் நேரத்தைக் குறையுங்கள், தீனியைச் சற்றுக் கூட்டுங்கள். அதிலும் ஏறாவிட்டால் மீன்தொட்டிக்கென்றே விற்கும் நைட்ரேட், பாஸ்பேட் கரைசலைச் சிறிது சிறிதாக விடலாம். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பிபிஎம் நின்றால் போதும். பாறையும் மணலும் முதலில் பாஸ்பேட்டை உறிஞ்சிக்கொள்வதால் மறுநாளே பூஜ்ஜியம் காட்டக்கூடும். தினமும் பார்த்து, விட்டுக்கொண்டே இருங்கள்.

பவளம் இல்லாததால் மூன்று நாள் தொட்டியை இருட்டாக மூடி வைப்பதும் உதவும். சில வகை டைனோவில் நஞ்சு உண்டு. நத்தைகள் சுணங்கிக் கவிழ்ந்தால் உடனே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். நண்பரின் நன்கு பழகிய, நோயில்லாத தொட்டியிலிருந்து ஒரு பாறைத்துண்டு கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். அதோடு வரும் பாக்டீரியாவும் நுண்ணுயிர்களும் கடையில் விற்கும் எந்தப் பாக்டீரியா பாட்டிலையும்விட மேல்.

சில வாரத்தில் பாறையில் பச்சை தலைகாட்டும். பதறி மறுபடி உறிஞ்சியைப் போட்டுவிடாதீர்கள். டைனோ அடங்கியபின் நத்தைகள் அந்தப் பச்சையை மேய்ந்துவிடும்.