தீர்ப்பு வந்தும் நிலம் வரவில்லை

கேள்வி: அப்பாவின் நிலத்தில் பங்கு கேட்டு 2014-ல் அண்ணன்கள் இருவர் மீதும் வழக்குப் போட்டேன். 2020-ல் மூன்றில் ஒரு பங்கு எனக்கு என்று முதல்நிலைத் தீர்ப்பு வந்தது. அளந்து பிரித்துக் கொடுப்பதுதான் பாக்கி என்றார்கள். இன்னும் வாய்தாதான். நடுவில் பெரிய அண்ணன் இறந்துவிட, அவர் வாரிசுகளைச் சேர்க்கவே ஒன்றரை வருடம் போனது. தையல் வேலையைப் போட்டுவிட்டுப் போய், மதியம் வரை காத்திருந்து, அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். வக்கீல் ஃபீஸுக்கு வளையல் அடகுக்குப் போய்விட்டது. விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி

பதில்: விடாதீர்கள், சகோதரி. பங்கு உங்களுடையது என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. தோற்றவர் இழுத்தடிக்க, ஜெயித்தவர் சலித்துப்போய் ஒதுங்குவதை முப்பது வருட வக்கீல் தொழிலில் நிறையப் பார்த்துவிட்டேன். இன்றும் அது எனக்குத் தாங்கவில்லை.

முதலில், வாய்தா ஏன் போகிறது என்று பாருங்கள். உங்கள் வழக்குக்கு சி.என்.ஆர். எண் என்று 16 இலக்கத்தில் ஓர் அடையாள எண் இருக்கும்; எழுத்தும் எண்ணும் கலந்தது. அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால், எந்தத் தேதியில் எதற்காக வழக்கு தள்ளிப்போனது என்று தெரியும். நிலத்தை அளக்கக் கோர்ட் நியமித்த கமிஷனரின் அறிக்கை வரவில்லையா, எதிர்த்தரப்பு ஆட்சேபணைக்கு நேரம் கேட்டதா, அல்லது உங்கள் வக்கீலே வரவில்லையா? மூன்றுக்கும் வழி வேறு வேறு.

எதிர்த்தரப்பு இழுத்தால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35பி பிரிவைச் சொல்லிச் செலவுத்தொகை கேட்கச் சொல்லுங்கள். தாமதம் செய்தவரை அன்றைய செலவை உங்களுக்குக் கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிடலாம். அதைக் கட்டாமல் அவர் மேற்கொண்டு வழக்கை நடத்த முடியாது. வக்கீல்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை. நாளைக்கு நமக்கும் வாய்தா வேண்டியிருக்குமே என்ற தயக்கம்தான். நானும் ஆரம்ப காலத்தில் கேட்காமல் இருந்திருக்கிறேன். அது கட்சிக்காரருக்குச் செய்த அநியாயம் என்று பிறகுதான் உறைத்தது.

இன்னொன்று. பாகப்பிரிவினை வழக்கில் முதல்நிலைத் தீர்ப்புக்குப் பிறகு, தனி மனுவுக்காகக் காத்திருக்காமல் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பாணைக்குக் கோர்ட்டே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. உங்கள் வக்கீலிடம் அதை நினைவுபடுத்துங்கள். அப்படியும் நகராவிட்டால், குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்க உத்தரவிடும்படி அரசமைப்புச் சட்டத்தின் 227-வது பிரிவில் உயர் நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

ஃபீஸ் விஷயம். 1987-ம் வருட சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி கேட்க உரிமை உண்டு. பாதி நடந்த வழக்குக்கும் கேட்கலாம். இது தெரியாமல் எத்தனை பெண்கள் நகையைக் கொண்டுபோய் வைக்கிறார்கள்! மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எங்கே என்று விசாரித்து, நேரில் போய் மனு கொடுங்கள். இப்போதைய வக்கீலை மாற்றுவதானால், முகம் சுளிக்காமல் பேசி, ஒப்புதலையும் கேஸ் கட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இறுதித் தீர்ப்பாணை வந்ததும், அதை எழுத முத்திரைத்தாள் வாங்கிக் கொடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். நிறைவேற்றுவதற்கான 12 வருடக் கெடு, முத்திரைத்தாளில் எழுதிய நாளிலிருந்து அல்ல, தீர்ப்பாணைத் தேதியிலிருந்தே ஓடுகிறது.

அப்புறம், உங்கள் பெரிய அண்ணி. கணவர் போய்விட்டார், வழக்கு அவர் தலையிலும் விழுந்திருக்கிறது. வாய்தா அன்று அவரும் அதே வராந்தாவில்தானே நிற்கிறார்? ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். நிலத்தில் எந்தப் பக்கம் யாருக்கு என்பதில் நீங்கள் இருவரும் ஒத்துப்போனாலே சமரச மையத்தில் பேச்சைத் தொடங்கலாம். சின்ன அண்ணனை அதற்கப்புறம் அழைத்துக்கொள்ளலாம்.