கண்ணுக்குத் தெரியாத எதிரி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்லூரி இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக நண்பர்கள் நால்வர் சேர்ந்து, ஐவருக்கு ஐவர் மோதும் சிறிய மல்டிபிளேயர் ஷூட்டர் (பலர் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு) ஒன்றை உருவாக்கி வருகிறோம். அதில் ஒரு பாத்திரத்துக்கு 6 விநாடி மறைந்துபோகும் திறன் கொடுத்தோம். ஆடிப் பார்த்த எல்லோரும் அநியாயம் என்றார்கள். 4 விநாடியாகக் குறைத்தோம், பிறகு 3. இப்போது அந்தப் பாத்திரத்தை எவரும் விரும்பி எடுப்பதில்லை. ஆனால் எடுத்தவரிடம் தோற்றவர் மட்டும் முன்போலவே கோபப்படுகிறார். எங்கே தவறுகிறோம்? – வாசகர், கோவை

பதில்: நீங்கள் திரும்பத் திரும்பக் குறைத்தது மறைந்திருக்கும் நேரத்தை. தோற்றவரின் கோபம் அந்த நேரத்தைப் பற்றியதே அல்ல. எதிரி ஏதோ ஒரு மூலையில் 10 விநாடி மறைந்து நின்றாலும் யாருக்கும் நட்டமில்லை. மறைவிலிருந்து வெளிப்படுவதற்கும் முதல் குண்டு பாய்வதற்கும் நடுவே எவ்வளவு அவகாசம் இருக்கிறது, அந்த அவகாசத்தில் எதிராளியின் கண்ணுக்கும் காதுக்கும் என்ன எட்டுகிறது என்பவைதாம் சண்டையைத் தீர்மானிக்கின்றன. உங்கள் விளையாட்டில் மறைந்தபடியே பின்னால் வந்து, வெளிப்பட்ட நொடியிலேயே சுட முடிகிறது என்று ஊகிக்கிறேன். அப்படியானால் 1 விநாடி மறைவுகூட அநியாயமாகவே படும்.

2007-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட டீம் ஃபோர்ட்ரஸ் 2 விளையாட்டின் ஸ்பை என்ற உளவாளிப் பாத்திரத்தை நால்வரும் ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். ஸ்பையின் சாதாரணக் கைக்கடிகாரம் ஏறத்தாழ 9 விநாடி மறைவு தரும். தீர்ந்தபின் மறுபடி முழுதாக நிரம்ப 30 விநாடி ஆகும். முதுகில் ஒரே குத்தில் எவரையும் வீழ்த்தக்கூடிய ஒரு பாத்திரத்துக்கு இது தாராளமான கணக்காகத் தெரியலாம். ஆனால் மறைந்திருக்கும்போது அவரால் தாக்க முடியாது. வெளிப்படத் தொடங்கினால், உருவம் முழுதாகத் திரும்பும்வரை ஏறத்தாழ 2 விநாடி கத்தியை எடுக்க முடியாமல் நிற்க வேண்டும். அதற்குள் அந்த மறைவு கலையும் ஓசை அருகில் இருப்பவர் காதில் விழுந்துவிடும். எதிராளி மீது மோதினாலும் குண்டு பட்டாலும் உருவம் ஒரு கணம் மின்னிக் காட்டிக்கொடுக்கும்.

குறுகிய நடைபாதையில் ஓடிக்கொண்டிருக்கும் பைரோ (அதே விளையாட்டில் நெருப்பை ஆயுதமாகக் கொண்ட பாத்திரம்) சட்டென்று திரும்பி, ஆளில்லாத இடத்தை நோக்கி நெருப்பைப் பீய்ச்சுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்காற்றில் ஒரு மனித உருவம் பற்றிக்கொண்டு எரிகிறது. அந்த ஸ்பைக்கு இனி ஒளிய இடமில்லை. பைரோவுக்கோ, தான் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை என்ற நிறைவு. இத்தனை ஆண்டுகளில் அந்தக் காட்சியை எத்தனையோ முறை இரு பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டேன். இன்றும் எனக்கு அலுக்கவில்லை. மறைந்தவரைத் தேடுவதும் ஒரு விளையாட்டாக அமைந்திருப்பதே அதற்குக் காரணம். உங்கள் விளையாட்டில் மறைபவர் ஆடுகிறார். எதிரணி ஐவரும் அடிபடக் காத்திருக்கிறார்கள்.

கால அளவை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் முடிவே இராது என்பதற்கு ஓவர்வாட்ச் விளையாட்டில் மறையும் திறன் கொண்ட சோம்ப்ரா என்ற பாத்திரம் சான்று. 2016 நவம்பரில் வந்தபோது அவருடைய மறைவு சில விநாடிகளே நீடித்தது. 2018-இல் அந்த வரம்பே நீக்கப்பட்டு, அவரே விரும்பி வெளிப்படும்வரை மறைந்திருக்கலாம் என்றாயிற்று. ஓவர்வாட்ச் 2 வந்த பிறகும் மாற்றங்கள் தொடர்ந்து, 2024-இல் மீண்டும் சில விநாடி வரம்புக்கே திரும்பினார்கள். அத்தனை திருத்தத்துக்குப் பிறகும் அவரைப் பற்றிய புகார் ஓயவில்லை.

ஆகவே 6 விநாடியைத் திருப்பிக் கொடுங்கள். வெளிப்பட்டபின் முக்கால் அல்லது 1 விநாடி சுட முடியாதபடி தடுத்து, அந்த நேரத்தில் தெளிவான ஓர் ஓசையை வையுங்கள். அடுத்த சோதனையில், கொல்லப்பட்ட ஒவ்வொருவரிடமும் உடனே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எங்கிருந்து வந்தார் என்று தெரிந்ததா?” “ஓசை கேட்டது, திரும்புவதற்குள் முடிந்துவிட்டது” என்று பெரும்பாலோர் சொன்னால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். “ஒன்றுமே தெரியவில்லை” என்றால், தடை நேரத்தை இன்னும் சற்றுக் கூட்டுங்கள்.

கேள்வி: மறைந்த பாத்திரம் கானல்நீர்போல லேசாகத் தெரிவது வேண்டுமென்றே வைப்பதா? என் பழைய கணினியில் கிராபிக்ஸ் தரத்தைக் குறைத்தால் இன்னும் நன்றாகத் தெரிகிறதே! – வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலாவது வேண்டுமென்றே வைப்பது; இரண்டாவது பிழை. முழு மறைவு விளையாட்டுக்கு ஆகாது என்பதை உருவாக்குபவர்கள் வெகுகாலம் முன்பே உணர்ந்திருந்தார்கள். 1996-இல் வந்த குவேக் விளையாட்டில் மறைவு மோதிரத்தை எடுத்தவரின் உடல் மறையும், ஆனால் இரண்டு கண்கள் மட்டும் அந்தரத்தில் மிதந்து வரும். 2010-இல் வந்த ஹேலோ: ரீச் இதை இன்னும் நுட்பமாகச் செய்தது. அசையாமல் நின்றால் நன்றாக மறையலாம், வேகமாக நகர நகர உருவம் துலங்கும். அருகிலுள்ள எதிரிகளின் ரேடாரில் பொய்ப் புள்ளிகள் மொய்க்கும். ஆள் எங்கே என்று தெரியாவிட்டாலும் பக்கத்தில் ஒருவர் மறைந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

அந்தக் கானல் தோற்றம், பின்னணிப் படத்தைச் சற்று வளைத்துக் காட்டுவதால் கிடைப்பது. குறைந்த தரத்தில் அந்த வளைவைக் கணக்கிடாமல் வெறும் சாயத்தைப் பூசிவிட்டால் உருவம் பளிச்சென்று தெரியும். நிழலையும் புல்லையும் குறைத்துக்கொள்வது ஆடுபவரின் உரிமை. மறைவு எவ்வளவு தெரியும் என்பது மட்டும் எந்தத் தரத்திலும் ஒன்றாகவே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் போட்டியில் எல்லோரும் அழகான காட்சிகளை அணைத்துவிட்டே ஆடுவார்கள்.

கேள்வி: எனக்குப் பிறவியிலேயே செவித்திறன் குறைவு. மறைந்த எதிரியைக் காலடி ஓசையால் கண்டுபிடிக்கவேண்டும் என்று அமைத்த விளையாட்டுகளில் எனக்கு வழியே இல்லையா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் கேள்வி முதல் கேள்விக்கு நான் எழுதிய பதிலில் உள்ள குறையைக் காட்டிவிட்டது. ஓசையை மட்டுமே எச்சரிக்கையாக வைத்தால், அந்த எச்சரிக்கை உங்களுக்கு இல்லை என்றாகிவிடும். வழி இருக்கிறது: ஃபோர்ட்நைட் விளையாட்டின் அமைப்புகளில் ஓசைகளைக் காட்சியாகக் காட்டும் தெரிவு உண்டு. அதை இயக்கினால், அருகில் காலடியோ துப்பாக்கியோ கேட்கும்போது, அது வரும் திசையில் திரையில் ஒரு குறி தோன்றும். செவித்திறன் உள்ள பலரும் அதை இயக்கிக்கொண்டே ஆடுகிறார்கள்.

ரெயின்போ சிக்ஸ் சீஜ் என்ற விளையாட்டு உங்களுக்கு ஓரளவு ஒத்துவரலாம். அதில் விஜில் என்ற பாத்திரம் எதிரியின் கண்ணிலிருந்து மறைவதில்லை. ட்ரோன்களிலிருந்தும் கேமராக்களிலிருந்தும் மட்டுமே மறைகிறார். ட்ரோன் அவரை நெருங்கினால் அதன் திரையில் படம் கலங்கும். ஆளைக் காணாமலே, அவர் அருகில் இருக்கிறார் என்று கண்ணாலேயே தெரிந்துகொள்ளலாம். ஆனால் அந்த விளையாட்டின் மற்ற பகுதிகளில் காலடி ஓசைக்கு மிகுந்த இடம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கோவை நண்பருக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் வெளிப்படும் ஓசையோடு, அது வரும் திசையில் திரையோரத்தில் மங்கலான ஒரு வளையத்தையும் சேர்த்துவிடுங்கள்.