அடித்தும் திருந்தாத பிள்ளையை என்ன செய்வது?

ஒரு வருடமாகப் படுக்கையை நனைக்காமல் இருந்த 6 வயது மகள் மறுபடியும் நனைக்கிறாள், தம்பியைக் கிள்ளுகிறாள், அடித்தும் திருந்தவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அடிப்பதை நிறுத்துங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் புத்தகப் பையைக் கீழே வைக்கவே மாட்டான், சாப்பிடும்போதும் மடியில்தான், யாராவது தொட்டால் கடித்துவிடுவான். வகுப்பில் பென்சில்கள் காணாமல் போனபோது இவன்தான் எடுத்திருப்பான் என்று எல்லோர் முன்னாலும் பையைப் பிடுங்கி மேசையில் கொட்டினேன். ஒரு சட்டை, சக்கரம் போன கார், அப்பா அம்மாவின் கல்யாண போட்டோ, தங்கச்சியின் ஒற்றைக் கொலுசு. பென்சில் ஒன்றுகூட இல்லை. அவன் அழவில்லை, ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப உள்ளே வைத்தான்.

அவன் அம்மாவை வரச்சொல்லிப் பேசிய பிறகுதான் தெரிந்தது, கடன் தொல்லையில் அவன் பள்ளியில் இருக்கும் நேரத்தில் வீட்டைக் காலி செய்திருக்கிறார்கள், அதுவும் ஒரே வருடத்தில் இரண்டு முறை, அவனுடைய சாமான் பாதி அங்கேயே போய்விட்டது. "ஏன்டா இப்படிச் செய்கிறாய்" என்று அவனை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், எட்டு வயதுப் பிள்ளை அதற்கு என்ன பதில் சொல்லும்? என் பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து சாவியை அவனிடமே கொடுத்தேன். பையை அதில் வைத்துவிட்டு விளையாடப் போக அவனுக்கு இரண்டு மாதம் ஆனது.

சரி, உங்கள் மகளுக்கு வருகிறேன். குழந்தை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சில நேரம் சர்க்கரை நோய்கூட இப்படித்தான் தெரியவரும். உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் எந்தெந்த ராத்திரி நனைக்கிறாள், அன்று பகலில் என்ன நடந்தது, யார் வந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் ஏதாவது பிடிபடலாம். குறிப்பிட்ட ஒரு ஆளைக் கண்டு பயப்படுகிறாள் என்றால் அவர் எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் அவரிடம் தனியாக விடாதீர்கள், குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. மனநல ஆலோசனைக்கு 14416 இருக்கிறது, அதுவும் இலவசம்.

அதுவரை மெத்தை மேல் ஒரு ரப்பர் ஷீட் விரித்துவிடுங்கள். நனைத்துவிட்டால் விளக்கைக்கூடப் போடாமல் துணியை மாற்றிவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள், காலையில் பாட்டி எதிரிலோ தம்பி எதிரிலோ அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.