ஆளுக்கு 16 பார்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு ராப் பாட்டு போட்டிருக்கிறார்கள். நால்வருமே இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள். தமிழ்ப்பள்ளி விழாவில் பாட அனுமதி கேட்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பதால் நான்தான் முடிவு சொல்ல வேண்டும். பாதி மலாய், எதுகை மோனை இல்லை, ஆளுக்கொரு கதை. இதைப் பாட்டு என்று சொல்லலாமா? அனுப்பியிருக்கிறேன், கேட்டுச் சொல்லுங்கள்.

எம்., சுங்கை சிப்புட்

அன்புள்ள எம்.,

பாட்டுதான். எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆளுக்கொரு கதை என்பதுதான் இந்த வகையின் வழக்கமே. ஒருவருக்கு 16 பார், அதாவது நான்கு நான்கு தட்டாக 16 தாளச் சுற்று. நிமிடத்துக்கு 90 தட்டு போகும் பீட்டில் அது ஏறக்குறைய 43 விநாடி. அதற்குள் தன் ஊரையும் கோபத்தையும் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் பாட்டைக் கொடுத்துவிட வேண்டும். மொழிக்கலப்பும் புதிதல்ல. மலேசிய ராப் குழுவான பொயட்டிக் அம்மோ நால்வரும் 1998இல் போட்ட முதல் ஆல்பத்திலேயே ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீஸ் எல்லாம் உண்டு. அவர்களில் ஒருவரான யோகி பி, நட்சத்திரா குழுவோடு சேர்ந்து 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அதிலிருந்த 'மடை திறந்து' தமிழ்நாடு வரை போனது.

எதுகை இல்லை என்கிறீர்கள். முதல் பையனை இன்னொரு தடவை கேளுங்கள். புதிதாக எழுதுகிறவர்கள் 'வருகிறேன், தருகிறேன்' என்று வினைமுற்றில் வரியை முடித்துவிடுவார்கள். தமிழில் அந்த இயைபு சும்மா கிடைக்கும். இவனோ பாட்டி விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடியதைச் சொல்லும்போது பெரட்டு, விரட்டு, மிரட்டு என்று வரியின் தொடக்கத்திலேயே பிடிக்கிறான். சுத்தமான எதுகை! அவன் 'மங்கு' (பால் பிடிக்கும் கிண்ணம்) என்று முடிக்க, இரண்டாவதாக வரும் பெண் 'மங்கு' என்றே தொடங்கி, உறைந்த ஒட்டுப்பால் வாசனையிலிருந்து கித்தா (ரப்பர்) மரங்கள் சாய்ந்து செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது வரை கொண்டுபோகிறாள். அந்தாதியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கூட்டுப்பாட்டு நிற்பது இந்தக் கைமாற்றத்தில்தான். இல்லாவிட்டால் நான்கு பாட்டை ஒட்டிவைத்தது போலத்தான் இருக்கும்.

மூன்றாவதாக வரும் பையன் அந்தத் தொடர்ச்சியை அறுத்துவிடுகிறான். அவள் சொன்ன எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. துப்பாக்கி, கும்பல், தன் பெயர், மறுபடியும் தன் பெயர். அந்தத் துப்பாக்கி அமெரிக்கப் பாட்டுகளிலிருந்து வந்தது. அவன் ஊரில் துப்பாக்கிக் கதைக்கா பஞ்சம்? 1948 ஜூன் 16இல் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாட்களுக்குள் மலாயா முழுக்க அவசரகாலம். அப்போது அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் என்ன பயந்தார்கள், எங்கே ஒளிந்தார்கள் என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டாலே அவனுக்கு 16 பார் போதாது.

கடைசியாக வரும் உங்கள் அக்கா மகன் கொஞ்சம் அவசரப்படுகிறான். பரவாயில்லை, குரல் இருக்கிறது.

சரி, அனுமதி கொடுங்கள். மூன்றாமவனை மட்டும் அவன் பகுதியை மறுபடி எழுதச் சொல்லுங்கள். அந்தப் பெண் முடிக்கும் சொல்லிலிருந்து அவன் தொடங்கட்டும்.