எழுத்துக்கூட்டி வாசிக்கும் குழந்தையைப் படக்கதைப் புத்தகம் வைத்துச் சரளமாக வாசிக்க வைப்பது எப்படி?

கேள்வி: இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு எழுத்துகள் எல்லாம் தெரிகின்றன. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். முடித்ததும் என்ன கதை என்று கேட்டால் விழிக்கிறாள். வீட்டில் படக்கதைப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றை வைத்து எப்படிப் பழக்குவது?

பதில்:

பழக்கத் தொடங்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அவள் இதுவரை பார்க்காத ஒரு கதையை நீங்களே நிதானமாக வாசித்துக் காட்டி, அதைச் சொல்லச் சொல்லுங்கள். கேட்ட கதையை நன்றாகச் சொல்கிறாள் என்றால் அவளுக்குப் புரியும் திறன் இருக்கிறது, எழுத்தைச் சொல்லாக்கும் வேலைதான் அவள் கவனத்தை முழுதும் தின்றுவிடுகிறது. கேட்டபோதும் சொல்ல வரவில்லை என்றால் சொல்வளமும் பேச்சும்தான் முதலில் வளர வேண்டும். வேகமாக வாசிக்கப் பழக்கி அங்கே பயனில்லை. வாசித்துப் புரிதல் என்பது எழுத்தை வாசிக்கும் திறனும் மொழியைப் புரியும் திறனும் பெருகி வருவது என்று வாசிப்பு ஆய்வாளர்கள் கஃபும் டன்மரும் 1986 இல் எழுதினார்கள். கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான். உங்கள் விவரத்தைப் பார்த்தால் மகள் முதல் வகை என்று தோன்றுகிறது. கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

புத்தகத் தேர்வில் கொஞ்சம் கறாராக இருங்கள். 8 முதல் 16 பக்கம், பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரிய எழுத்து, சொற்களுக்கு இடையே நல்ல இடைவெளி. படத்தின் மேலேயே எழுத்தை அச்சடித்த புத்தகம் வேண்டாம். இருண்ட நிறத்தின் மேல் புள்ளி கண்ணில் படாது, புள்ளி தெரியாவிட்டால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். நீளமான சொல்லை வரி முடிவில் பாதியாக உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளியிருந்தால் இரண்டு பாதியையும் பென்சில் கோட்டால் இணைத்துவிடுங்கள். மொழிபெயர்ப்புப் புத்தகம் என்றால் ஒரு பக்கத்தை நீங்கள் சத்தமாக வாசித்துப் பாருங்கள். உங்கள் நாக்குக்கே இடறுகிற வாக்கியம் அவளுக்குப் பாறை.

கடினம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க 20 சொல் உள்ள ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி எண்ணுங்கள். ஒன்றிரண்டு சொல்லில் தடுமாறினால் உங்கள் துணையோடு பழக அது நல்ல புத்தகம். மூன்றோ அதற்கு மேலோ போனால் அதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவள் வாசிக்க எளியதாக ஒன்று எடுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை வாரியாகப் பிரித்த தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி என்றால் அங்கே நடக்கும் வாசிப்பு இயக்கத்தின் 'நுழை', 'நட' வரிசைப் புத்தகங்கள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி அடிப்படையான ஒன்று. படத்துக்கு ஒரு வேலை, எழுத்துக்கு ஒரு வேலை. இரண்டையும் குழப்பினால் பல மாத உழைப்பு வீணாகும். குழந்தை ஒரு சொல்லில் நின்றதும் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வது: "படத்தைப் பாரு, என்னன்னு சொல்லு." படத்தில் அணில் இருக்கும், அவளும் 'அணில்' என்பாள், சரியாகவும் இருக்கும். ஆனால் அவள் வாசிக்கவில்லை, ஊகித்தாள். படம் இல்லாத மூன்றாம் வகுப்புப் பாடத்தில் இந்தப் பழக்கம் கைவிட்டுவிடும். சொல்லை வாசிப்பது எழுத்தைப் பார்த்து மட்டும். படம் கதையைப் புரிந்துகொள்ளவும், எழுத்து சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்கவும்.

எழுதிக்காட்டினால் தெளிவாக இருக்கும். நான்கு பக்கக் கதை ஒன்று இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

அணில் கொய்யா மரத்தில் ஏறியது.
ஒரு பழம் பறித்தது. கிளையில் வைத்தது.
தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கியது.
திரும்பி வந்து பார்த்தது. பழத்தைக் காணவில்லை.

நான்காம் பக்கப் படத்தில் மதில்மேல் ஒரு காகம், அதன் அலகில் கொய்யா விதை. காகம்தான் எடுத்தது என்று வரியில் எங்குமே இல்லை. நல்ல படக்கதை இப்படித்தான் பாதியைப் படத்திடம் விட்டுவைக்கும்.

இந்த 18 சொல்லில் எழுத்துக்கூட்டும் குழந்தை எங்கெல்லாம் இடறும் என்று பாருங்கள். 'கொய்யா'வில் 'கொ'. கண் இடமிருந்து வலம் போகும்போது முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, கடைசியில் துணைக்கால். கொம்பைப் பார்த்ததும் 'கெ' என்று வாய் தொடங்கிவிடும், காலைக் கவனிப்பதற்குள் 'கெய்யா' ஆகியிருக்கும். கெ, கொ, கே, கோ நான்கையும் சீட்டில் எழுதி, "வாயத் திறக்கிறதுக்கு முன்னாடி பின்னால கால் இருக்கான்னு பாரு" என்று பழக்குங்கள். இரண்டு நாளில் சரியாகும் விஷயம் இது, ஆனால் யாராவது சுட்டிக்காட்ட வேண்டும்.

அடுத்தது மெய்யெழுத்து. பள்ளியில் 'இக்', 'இங்', 'இச்' என்று பெயர் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பெயரோடு கூட்டினால் 'பக்கம்' என்பது 'ப, இக், க, இம்' ஆகிறது. இதிலிருந்து 'பக்கம்' என்ற ஓசை எப்படி வரும்? எழுத்துத் தெரிந்தும் வாசிப்பு ஓடாத குழந்தைகளிடம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். புள்ளி வைத்த எழுத்து எப்போதும் முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்று காட்டுங்கள்: பக்–கம், கொய்–யா, தண்–ணீர், வந்–து. இரண்டு எழுத்தைச் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லப் பழகினாலே வேகம் தானாக ஏறும். ஒரு நாளைக்கு 10 சொல் போதும், அதுவும் அன்று வாசிக்கப்போகும் புத்தகத்திலிருந்தே எடுங்கள்.

மூன்றாவது, வல்லின எழுத்தின் ஓசை. 'பம்பரம்' என்ற சொல்லில் இரண்டு ப. எழுத்து ஒன்று, ஓசை வேறு. எழுத்துக்கூட்டும் குழந்தை இரண்டையும் ஒரே அழுத்தத்தில் சொல்லும். 'காகம்' என்பதையும் அப்படியே அழுத்திச் சொல்லிவிட்டு, தினமும் பார்க்கிற பறவையின் பெயர்தான் அது என்று தெரியாமல் நிற்கும். விதி சொல்லித்தர வேண்டாம். கூட்டி முடித்ததும் "இத நாம பேசும்போது எப்படிச் சொல்வோம்?" என்று மட்டும் கேளுங்கள். தெரிந்த சொல்லோடு பொருந்தியதும் முகத்தில் தெரியும்.

'குடிக்கக் கீழே' என்ற இடத்தில் வேறொரு தொல்லை. ஒட்டிக்கொண்டிருக்கும் 'க்' அவளை 'கீழே'க்கு இழுத்துவிடும். 'தண்ணீர் / குடிக்கக் கீழே / இறங்கியது' என்று நிறுத்தினால் சொல் ஒவ்வொன்றும் சரி, பொருள் போச்சு. 'தண்ணீர் குடிக்கக் / கீழே இறங்கியது' என்று நிறுத்த வேண்டும். பென்சிலால் சொற்றொடருக்கு அடியில் வளைவாகக் கோடு போட்டு, அந்த வளைவுக்குள் நிற்காமல் ஓட்டச் சொல்லுங்கள். 'பார்த்துக்கொண்டிருந்தது' மாதிரி நீளச் சொல் வந்தால் அதே முறையில் பார்த்துக் / கொண்டி / ருந்தது என்று உடைத்துக் கொடுத்து, பிறகு சேர்த்துச் சொல்ல வையுங்கள். 'கொண்டிருந்தது', 'இலிருந்து', 'வில்லை', 'க்காக' போன்ற வால்கள் ஒரு பத்து கண்ணுக்குப் பழகிவிட்டால் நீளச் சொல்லைப் பார்த்துப் பயம் போய்விடும்.

இனி வார ஒழுங்கு. வாரம் ஐந்து புத்தகம் வேண்டாம், ஒரு புத்தகம் ஐந்து நாள். தினம் 15 நிமிடம், மிஞ்சிப்போனால் 20. ஒரே சிறு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சரளம் கூட்டும் முறையை வாசிப்பு ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் 1979 இல் எழுதினார். இன்றும் வகுப்பறைகளில் இருக்கும் முறை அது. காரணம் எளிது: மூன்றாம் முறை வாசிக்கும்போது எழுத்துக்கு உழைப்பு குறைந்து, கதைக்குக் கவனம் மிஞ்சுகிறது.

முதல் நாள் எழுத்தை மூடிவிட்டுப் படங்களை மட்டும் பாருங்கள். "யாரு இருக்கா? என்ன நடக்குது? அடுத்து என்ன ஆகும்?" ஐந்து நிமிடம் போதும். கதையில் வரும் எழுத்துநடைச் சொற்களை இங்கேயே பேச்சோடு இணைத்துவிடுங்கள்: "காணவில்லைன்னா காணோம், பறித்ததுன்னா பறிச்சுச்சு." வீட்டில் பேசும் தமிழும் புத்தகத் தமிழும் இவ்வளவு விலகியிருப்பதால் இந்த இணைப்பு இல்லாமல் புரிதல் வராது. பிறகு நீங்கள் முழுக் கதையையும் உணர்ச்சியோடு, வரிக்கு அடியில் விரலை ஓட்டியபடி வாசியுங்கள். அன்று அவள் வாசிக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் நீங்கள் ஒரு சொற்றொடர், அவள் ஒரு சொற்றொடர், அதையே திரும்ப. கண் எழுத்தின் மேல் இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துத் திருப்பிச் சொன்னால் அது கிளிப்பிள்ளை வேலை. அதன் பிறகு இருவரும் சேர்ந்து ஒருமுறை. உங்கள் குரல் அவள் குரலைவிடக் கொஞ்சம் தாழ்ந்து இருக்கட்டும்.

மூன்றாம் நாள்தான் உழைப்பு. 40, 50 சொல் உள்ள பகுதியை அவள் மூன்று முறை வாசிக்கட்டும். சொல்லில் நின்றால் 5 நொடி வாயைத் திறக்காதீர்கள். பெரும்பாலான பெற்றோருக்கு இந்த 5 நொடிதான் கஷ்டம், ஆனால் குழந்தை தானே கண்டுபிடிப்பது அந்த இடைவெளியில்தான். பிறகு தவறிய எழுத்தைத் தொட்டு "இது என்ன?" என்று கேளுங்கள். இரண்டாம் முயற்சியிலும் வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிடுங்கள், ஆனால் வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து வாசிக்க வையுங்கள். இல்லையென்றால் வாக்கியம் அவள் மனதில் உடைந்தே கிடக்கும்.

நான்காம் நாள் பக்கத்துக்குப் பக்கம் மாறிமாறி வாசித்து, கேள்விக்குப் போங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும்: "புரிஞ்சுது." வரியிலேயே விடை உள்ள கேள்வி ஒன்று: அணில் ஏன் கீழே இறங்கியது? படத்தையும் வரியையும் சேர்த்தால் மட்டும் விடை வரும் கேள்வி ஒன்று: பழத்தை யார் எடுத்திருப்பாங்க? அவள் "காக்கா" என்றதும் நிறுத்தாமல் "எத வச்சுச் சொல்ற?" என்று கேளுங்கள். விதையைத் தொட்டுக் காட்டினால் அதுதான் புரிதல். "காக்கான்னா திருடும்" என்றால் தெரிந்ததை வைத்து ஊகித்திருக்கிறாள். "படத்துல எங்க தெரியுது?" என்று திருப்பி அனுப்புங்கள். கடைசியாக அவள் வாழ்க்கையைத் தொடும் கேள்வி ஒன்று. மூன்றுக்கு மேல் வேண்டாம், பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்டால் கதை பரீட்சையாகிவிடும்.

ஐந்தாம் நாள் பாட்டிக்கோ தம்பிக்கோ வாசித்துக் காட்டட்டும். பிறகு எழுத்தை மூடிப் படத்தை மட்டும் வைத்துக் கதை சொல்லட்டும். யார், எங்கே, என்ன சிக்கல், என்ன செய்தது, கடைசியில் என்ன ஆச்சு என்று ஐந்து விரலில் வைத்துக்கொள்ளலாம். பேச்சுத் தமிழில்தான் சொல்வாள், சொல்லட்டும். "காணவில்லைன்னு சொல்லு" என்று நடுவில் திருத்தினால் கதையை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்குவாள்.

ஐந்து நாள் ஒரே புத்தகம் என்றால் மனப்பாடம் ஆகிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான பயம். அதே சொற்களைச் சீட்டில் எழுதிக் கலைத்துப் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அல்லது அதே சொற்களால் புது வாக்கியம் எழுதுங்கள்: 'அணில் திரும்பி வந்து மரத்தில் ஏறியது. கிளையில் பழத்தைக் காணவில்லை.' வாசித்துவிட்டால் பயமில்லை. திணறினால் எழுத்தைப் பார்க்காமல் ஒப்பித்திருக்கிறாள், விரலை வைத்து வாசிப்பதற்குத் திரும்புங்கள்.

வேகத்தை வாரம் ஒரு முறை மட்டும், அதுவும் புதிய பக்கத்தில் அளந்து பாருங்கள். ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த சொற்களை எண்ணி நோட்டில் குறியுங்கள், கடிகாரத்தை அவள் கண்ணில் காட்டாதீர்கள். அடிப்படை வாசிப்புக்காகவும் கணக்குக்காகவும் 2021 இல் வந்த மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல் என்று இலக்கு வைத்தது. தமிழில் ஒரு சொல்லே ஒரு வாக்கியம் அளவுக்கு நீளும் என்பதால் இந்த எண்ணை வைத்துக் குழந்தையை மிரட்ட வேண்டாம். சென்ற மாதத்தைவிட இந்த மாதம் கூடியிருக்கிறதா என்பதே உங்கள் கணக்கு. வேகம் கூடி, தவறும் கூடினால் எழுத்தைக் கவனிக்காமல் அவசரப்படுகிறாள் என்று பொருள்: நிறுத்தி, மூன்றாம் நாள் பயிற்சியையே அடுத்த வாரமும் செய்யுங்கள்.

இரண்டு மூன்று மாதம் இப்படித் தொடர்ந்தும் நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று தெரியவில்லை, வரியைத் தவறவிடுகிறாள், புத்தகத்தைக் கண்ணுக்கு மிக அருகில் பிடிக்கிறாள் என்றால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அதில் குறை இல்லையென்றால் கற்றல் குறைபாடு பற்றிச் சிறப்புக் கல்வி ஆசிரியரிடம் காட்டுங்கள். சோம்பல் என்று திட்டித் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அவளுக்கு நஷ்டம்.

புதுப் புத்தகத்துக்கு மாறும்போது பழையதை எடுத்து வைத்துவிடாதீர்கள். கை எட்டும் உயரத்தில் கிடக்கட்டும். நன்றாக வாசிக்க வரும் புத்தகத்தை அவளே எடுத்துப் புரட்டினால் அது விளையாட்டு என்று நினைத்துத் தடுக்க வேண்டாம்.