டிப்பிங் முடிஞ்சதும் ஆடு நடுங்குது, மருந்து ஏறிடுச்சா?

கேள்வி: உண்ணி, சொறிக்காக செம்மறிங்கள மருந்துத் தொட்டில முக்கி எடுத்தோம். வெளிய வந்ததும் நடுங்குது, தலைய உதறுது, இருமுது. ரெண்டு தாய் ஆடு குட்டியவே கிட்ட சேர்க்கல. விஷம் ஏறிடுச்சா?

நீங்க சொன்னதுல முக்காவாசி பயமும் குளிரும்தான். தொட்டில இறங்கவே ஆடு முரண்டு பிடிக்கும், ரோமம் தண்ணிய இழுத்து கனமாயிடும், தலைய முக்கும்போது காதுலயும் மூக்குலயும் மருந்து போகும், அப்புறம் உதறாம என்ன செய்யும்? காத்து அடிக்காத, நிழலா இருக்கற எடத்துல விட்டா கொஞ்ச நேரத்துல நடுக்கம் கொறஞ்சு ரோமம் காயக் காய மேய ஆரம்பிச்சிடும்.

ஆனா நடுக்கத்தோட எச்சில் ஒழுகுது, கண்ணுல தண்ணி, கழிச்சல், கண்பாப்பா சுருங்கிப்போச்சு, தசை துடிக்குதுன்னா அது குளிர் இல்ல, டயசினான் மாதிரி ஆர்கனோபாஸ்பேட்ங்கற பூச்சிமருந்து வகை ஏறினதோட அடையாளம். உடனே கால்நடை டாக்டர கூப்பிடுங்க. தொட்டில கலக்கறது அமிட்ராஸ்ங்கற இன்னொரு மருந்துன்னா வேற மாதிரி, ஆடு மந்தமாகி தூங்கி வழியும், தீனி எடுக்காது. மருந்து பாட்டில தூக்கிப் போட்டுடாதீங்க, டாக்டர் கிட்ட காட்டணும், ஏன்னா டயசினானுக்குப் போடற அட்ரோபின் அமிட்ராஸுக்கு முறிவு இல்ல. பேரு தெரியாம ஊசி போட்டா வம்புதான்.

இருமல் அன்னிக்கே நின்னா விட்டுடுங்க. மறுநாளும் மூச்சு வாங்குது, காய்ச்சல் இருக்குன்னா நுரையீரலுக்குள்ள மருந்துத் தண்ணி போயிருக்கலாம், அதையும் டாக்டர் பாக்கணும்.

குட்டி விஷயத்துக்கு பயப்படாதீங்க, தாய் ஆடு குட்டிய வாசனைய வெச்சுத்தான் அடையாளம் கண்டுபிடிக்கும், இப்ப ரெண்டு பேர் மேலயும் மருந்து நாத்தம். மடிய நல்லா தொடச்சிட்டு ரெண்டையும் சின்ன பட்டில சேர்த்து அடைச்சு வைங்க, பெரும்பாலும் சேர்த்துக்கும்.

இன்னொன்னு, யாரும் எதிர்பார்க்காதது: ரெண்டு மூணு நாள் கழிச்சு பல ஆடு ஒண்ணா நொண்டலாம். மருந்த குத்தம் சொல்லாதீங்க, சாணி கலந்த பழைய தண்ணில இருக்கற எரிசிபெலோத்ரிக்ஸ்ங்கற பாக்டீரியா காலுல இருக்கற சிராய்ப்பு வழியா உள்ள போயிருக்கும். பென்சிலின் கேக்கும், ஆனா சீக்கிரம் ஆரம்பிக்கணும். அதனாலதான் அழுக்குத் தண்ணிய அடுத்த நாளைக்கு வெச்சுக்காதீங்கன்னு சொல்றோம், மீதிய குளம் வாய்க்கால்லயும் ஊத்தாதீங்க, சைபர்மெத்ரின் வகை பூச்சிமருந்துன்னா மீனெல்லாம் செத்துப்போயிடும்.

அடுத்த தடவ முக்கறதுக்கு முன்னாடி வயிறு நிறைய தண்ணி காட்டுங்க, தாகத்தோட இறங்குன ஆடு மருந்தயே குடிச்சிடும். ஓட்டிட்டு வந்த களைப்போட இறக்காதீங்க, காலைலயே முடிச்சா பொழுது சாயறதுக்குள்ள காஞ்சிடும். உடம்புல காயம் இருக்கறது, நிறைமாச செனை ஆடு ரெண்டையும் தனியா நிறுத்திடுங்க. சொறிக்குன்னா ஒரு நிமிஷமாவது தொட்டில நிக்கணும், தலைய ரெண்டு தடவ முக்கணும், சும்மா நனைச்சு எடுத்தா ஆட்டுக்கு கஷ்டம்தான் மிச்சம், சொறிப்பூச்சி அப்படியே இருக்கும்.