கேம் கன்சோல் விற்பனையைத் தீர்மானிப்பது விலையா, எல்லோருக்கும் பிடிப்பதா?

சோனியின் பிளேஸ்டேஷன் கேட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்ட ஆள்தான் இப்படிக் கேட்பார். பிழையாக நினைத்திருந்தால் மன்னிக்கவும். 2006 கடைசியிலிருந்து மூன்று வருடம் கனடாவில், டொரொண்டோவின் ஸ்காபரோவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் பகுதிநேரமாக நின்றவன் நான், பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

விலைதான் எல்லாம் என்றால் நிண்டெண்டோவின் கேம்கியூப் வென்றிருக்க வேண்டும். 2003 இல் அமெரிக்காவில் அதை 99 டொலருக்கு இறக்கினார்கள். அப்படியும் உலகம் முழுக்க 2 கோடி 17 இலட்சம்தான் போனது. அதைவிட விலை கூடிய பிளேஸ்டேஷன் 2, 15 கோடியைத் தாண்டியது. அதில் டிவிடி போட்டுப் படம் பார்க்கலாம், அவ்வளவுதான். பெடியன் கேமுக்குக் கேட்டான், தகப்பன் படத்துக்குக் காசு கொடுத்தார்.

இனி என் கதை. 2007 கோடை. ஒரு அக்கா பதின்மூன்று வயது மகனோடு வந்தா. அவனுக்கு பிளேஸ்டேஷன் 3 வேணும். பெரிய மொடல் 660 டொலர், ஒன்ராறியோ வரியோடு 750 தாண்டும். தமிழ் முகத்தைக் கண்டதும் அக்கா என்னிடம் வந்து கேட்டா: "தம்பி, இதைக் கொண்டுபோனா அப்பிடியே விளையாடலாமோ, இன்னும் ஏதும் வாங்கவேணுமோ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. பெட்டிக்குள் கேம் இல்லை. கொன்ரோலர் ஒன்றே ஒன்று. அவ்வளவு காசு கொடுத்தும் புது ரீவிகளுக்கான எச்டிஎம்ஐ வயர் கிடையாது, பழைய சிவப்பு மஞ்சள் வெள்ளை வயர்தான். வீட்டில் என்ன ரீவி என்று கேட்டேன். பழைய பெட்டி ரீவியாம். புது ரீவியில் துல்லியமாகப் படம் காட்டுகிற அதன் ப்ளூ-ரே டிஸ்க்கால் அவவுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

பக்கத்துத் தட்டைக் காட்டி, "உது என்ன தம்பி?" என்றா. நிண்டெண்டோ வீ. 280 டொலர், வீ ஸ்போர்ட்ஸ் பெட்டிக்குள்ளேயே இருக்கும், அதன் தடி மாதிரியான கொன்ரோலரைக் கையில் பிடித்து வீசினால் டென்னிஸ். அக்கா கொஞ்சம் யோசித்தா. "அப்ப இவன்ரை அப்பாவும் ஒருக்காப் பிடிச்சுப் பாப்பார். பேந்து ஏசமாட்டார்."

என் பதில் அவ்வளவும் அந்த வசனத்துக்குள் இருக்கிறது. விலை வேறு, கவர்ச்சி வேறு என்று நீங்கள் பிரிக்கிறீர்கள். காசு கொடுக்கிற ஆள் விளையாடுகிற ஆள் இல்லை. ஏச்சு விழாமல் வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடியதா என்பதுதான் அவர்கள் பார்க்கிற கணக்கு.

ஆனால் தட்டில் இருந்தது காட்சிக்கு வைத்த வெறும் பெட்டி. வீ வந்த வேகத்தில் முடிந்துகொண்டிருந்த காலம். "ஞாயிறு காலமை கடை திறக்கமுன்னம் வந்து நில்லுங்கோ அக்கா" என்றேன். வந்து நின்று வாங்கிக்கொண்டு போனா.

எனக்கு நடந்ததையும் சொல்லவேண்டும். மனேஜர் பின்னறைக்குக் கூப்பிட்டு, கடைக்குள் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசாதே, மற்றவர்களுக்குச் சங்கடம் என்றார். தீபாவளி வாரத்தில் தமிழ்ச் சனம் வரும் என்று ரீவி பக்கம் என்னை நிற்கவைத்ததும் அதே மனுஷன்தான்! அவருடைய உண்மைக் கோபம் வேறு. கன்சோலில் கடைக்குக் கிடைப்பது சொற்பம், வயரிலும் மேலதிக உத்தரவாதத்திலும்தான் காசு. நான் இரண்டையும் அந்த அக்காவின் தலையில் கட்டவில்லை. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரியும்.

சோனி ரசிகர்கள் சண்டைக்கு வரவேண்டாம், நானும் உங்கள் கட்சிதான். பிளேஸ்டேஷன் 3 கடைசியில் 8 கோடி 70 இலட்சம் தாண்டியது தெரியும். வீ 10 கோடி 16 இலட்சம். ஆனால் 2009 இல் மெலிந்த மொடலை அமெரிக்காவில் 299 டொலருக்கு இறக்கிய பிறகுதான் சோனிக்கு மூச்சு வந்தது. மலிவாக, குடும்பத்துக்கு என்று செய்தாலே ஓடும் என்பவர்கள் 2012 இல் வந்த நிண்டெண்டோவின் அடுத்த கன்சோல் வீ யூவைப் பாருங்கள். 300 டொலரில் தொடங்கியும் 1 கோடி 35 இலட்சத்தோடு நின்றது. பழைய வீக்குப் பூட்டுகிற உதிரிப்பாகம் என்று கனபேர் நினைத்துவிட்டார்கள்.

அந்தப் பெடியன் 2009 கடைசியில் திரும்ப வந்தான். மீசை அரும்பியிருந்தது. தானே உழைத்த காசில் மெலிந்த பிளேஸ்டேஷன் 3 எடுத்தான், வயரும் கேட்டு வாங்கினான். வீ என்னாச்சு என்று கேட்டேன். ஒருவரும் தொடுவதில்லையாம். வீ ஃபிட் என்ற உடற்பயிற்சிக் கேமின் பலகையில் மட்டும் அம்மா காலமை ஏறி நின்று நிறை பார்க்கிறவவாம்.